மூச்சு பற்றிக் கேளுங்கள்

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வில்லிவாக்கம் வீட்டில் இப்போதும் நாலு மீன் தொட்டி ஓடுகிறது. மீனோ பூச்சியோ பறவையோ, எது எப்படி மூச்சு விடுகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். வாஸ்து மீன் பற்றிக் கேட்டால் பதில் வராது.

கொளத்தூர்: சார், தங்கமீன் காலையில் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. பசியா?

பசியில்லை, மூச்சு முட்டுகிறது. ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில், நம் ஊர் 30 டிகிரி சூட்டில், ஐந்தாறு மில்லி தேறினால் பெரிது. தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்கத்தான் செவுளில் ரத்தம் ஒரு பக்கமும் தண்ணீர் எதிர்ப்பக்கமும் ஓடுகின்றன. ஒரே திசையில் ஓடினால் பாதி ஆக்சிஜன் ஏறியதும் இரண்டும் சமமாகிவிடும், அதற்கு மேல் ஏறாது. எதிரெதிரே ஓடுவதால் ரத்தம் போகிற வழியெல்லாம் தன்னைவிட ஆக்சிஜன் அதிகமுள்ள தண்ணீரையே சந்திக்கிறது. தண்ணீரில் இருப்பதில் 80 சதவீதம் வரை எடுத்துவிடும் மீன்கள் உண்டு. நம் நுரையீரல் கால் பங்கு எடுத்தாலே அதிகம்.

உங்கள் தொட்டியில் செடி இருக்கும் என்று நினைக்கிறேன். பகலில் ஆக்சிஜன் தருகிற அதே செடி இரவில் மீனோடு பங்குக்கு வரும். அதனால்தான் விடியற்காலையில் திணறல். மீனைக் குறையுங்கள், மிஞ்சிய தீனியை எடுங்கள், இரவில் பம்ப்பை நிறுத்தாதீர்கள். குமிழியிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான். குமிழி மேல்தண்ணீரைக் கலக்கிவிடுவதில்தான் பெரும் பலன்.

பெரம்பூர்: ஃபைட்டர் மீன் மட்டும் பம்ப் இல்லாமலே பிழைக்கிறதே?

செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி அதில் வைத்துக்கொள்ளும். தங்கமீனுக்கு அது கிடையாது. ஃபைட்டரைப் பார்த்துத் தங்கமீனைக் குடுவையில் போடாதீர்கள்.

அம்பத்தூர்: ஊரிலிருந்து உயிரோடு விரால் வந்தது. டிரம்மில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். காலையில் செத்துக் கிடந்தது.

மூழ்கிச் செத்தது. சிரிக்காதீர்கள், உண்மை. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்று குடித்தே ஆகவேண்டும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள்.

மயிலாப்பூர்: பனையேறிக் கெண்டை பனை ஏறும் என்பது கட்டுக்கதைதானே?

இதற்குத்தான் காத்திருந்தேன். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டோர்ஃப் என்ற லெப்டினன்ட், 1791இல் குளத்தோரப் பனையின் பட்டைப் பிளவில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதிவைத்தார். அனாபஸ் என்ற அறிவியல் பெயரும் ஏறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். காக்கையோ பருந்தோ தூக்கிப்போய் மரத்தில் விட்டதாக இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். என் கட்சியும் அதுதான். தரையில் நடக்கும் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். செவுள் மூடியின் முள்ளை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி உந்திப் போகும்.

தாம்பரம்: ஐயா, நான் திருவாரூர் பக்கம். பனையில் ஏறியதை எங்கள் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார்.

தம்பி, தாத்தா பார்த்தது மரத்தில் இருந்த மீனையா, ஏறிக்கொண்டிருந்த மீனையா? இரண்டும் வேறு.

தாம்பரம்: ஏறிக்கொண்டிருந்ததை. மழை நாளில், ஓலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்த மரத்தில்.

சரி, மழை என்றதும் யோசிக்கத் தோன்றுகிறது. உடம்பு ஈரமாக இருந்தால் வெளியே வெகுநேரம் தாங்கும். சாய்ந்த மரம், சொரசொரப்பான அடி என்றால் ஓரடி இரண்டடி போயிருக்கலாம். உச்சி வரை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மயிலாப்பூர்: பார்த்தீர்களா, சார் இறங்கி வருகிறார்!

இரண்டடிக்குத்தான் இறங்கினேன்.

வடபழனி: தலை போன கரப்பான் எப்படி உயிரோடு இருக்கிறது?

அது மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் இரு பக்கமும் பத்து ஜோடித் துளைகள், அவற்றிலிருந்து குழாய்கள் நேராகத் திசுக்களுக்கே போகின்றன. ஆக்சிஜனைச் சுமக்கிற வேலை ரத்தத்துக்கு இல்லை. மூச்சுக்குத் தலை வேண்டாம். அப்புறம் பட்டினியிலும் வறட்சியிலும் சாகும்.

அண்ணா நகர்: எங்கள் நாய்க்கு இரண்டு நாளாக மூச்சு இரைக்கிறது.

என்னிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இன்றே கூட்டிப்போங்கள்.

போரூர்: தங்கமீன் வாயை வாயைத் திறக்கிறது...

கொளத்தூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராயபுரம்: காசிமேட்டில் கடம்பா (கணவாய்) வாங்கி வெட்டினால் ரத்தமே வரவில்லை. பழசா?

பழசா என்று மோந்து பாருங்கள், ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்குவது இரும்பு, கடம்பாவுக்குச் செம்பு. ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் நிறமே இல்லை. நண்டு, இறாலுக்கும் இதே கதை.

மாதவரம்: என் பந்தயப் புறா அவ்வளவு தூரம் பறந்தும் இளைப்பதில்லையே?

நமக்குக் காற்று போன வழியே திரும்ப வருகிறது, பழசும் புதுசும் கலந்துவிடும். புறாவுக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. இழுத்த காற்று முதலில் பின்பைக்குப் போய், நுரையீரல் வழியே முன்பைக்கு வந்து, இரண்டாவது மூச்சில்தான் வெளியேறும். நுரையீரலுக்குள் ஒரே திசை ஓட்டம். விட்டாலும் இழுத்தாலும் புதுக்காற்று கிடைக்கும்.

ஆவடி: சார், தங்கமீன்...

பம்ப்!

தாம்பரம்: ஐயா, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். பனையேறி ஒன்று பிடித்து வரட்டுமா? உங்கள் வீட்டுத் தென்னையிலேயே விட்டுப் பார்த்துவிடலாம்.

கொண்டு வாருங்கள் தம்பி, மயிலாப்பூர்காரரையும் கூப்பிடுவோம். டப்பாவில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.