பதில்: மேல்மண்ணை வாரிவிட்டால் அப்புறம் எதில் விளையும்?

2011 அணு உலை விபத்துக்குப்பின் ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாண வயல்களில் 5 செ.மீ. மேல்மண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் போட்டுக் கதிர்வீச்சை அழித்தார்கள் என்று அறிக்கையில் எழுதினீர்கள். 'மேல்மண் போனபின் எதில் விளைந்தது?' என்று வழிகாட்டி மடக்கிவிட்டார். சரி, அவர் கேட்டது நியாயம்தான்.

விபத்தில் வெளியேறி மண்ணில் படிந்த கதிரியக்கப் பொருளான சீசியம் களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், மழைக்கும் லேசில் கீழே இறங்காது. அதனால்தான் மேல்மண்ணைச் சுரண்டியது பலித்தது. ஆனால் கூடவே, வருடக்கணக்கில் தொழுவுரம் போட்டுச் சேர்த்த வளமும் போனது. பதிலுக்குக் கொட்டியது மலையில் வெட்டிய மணற்பாங்கான மண். அதில் உடனே என்ன விளையும்?

பொட்டாசியம் கதிர்வீச்சை அழிக்காது, அந்த வரியை நீக்கிவிடுங்கள். வேருக்குச் சீசியமும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட ஒரே ஆள்போலத் தெரியும். மண்ணில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால் சீசியம் உள்ளே நுழைவது குறையும். நெல்வயலில் 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் பொட்டாஷ் (பொட்டாசியச் சத்து) என்று இலக்கு வைத்தார்கள். 2012 அறுவடை முதல் மாகாணத்தின் அரிசி மூட்டை ஒவ்வொன்றையும் கருவியில் ஏற்றி அளந்தார்கள். வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). 2015 விளைச்சலிலிருந்து எந்த மூட்டையும் அதைத் தாண்டவில்லை.

'நீடித்த வளர்ச்சி' அத்தியாயத்தை இங்கேயே முடித்துவிடாதீர்கள். வாரி எடுத்த மண், அணு உலை இருக்கும் ஓகுமா, ஃபுதபா ஊர்களில் குவிந்து கிடக்கிறது. 2045க்குள் அதை மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். எந்த ஊர் வாங்கிக்கொள்ளும்? காடுகளையோ பெரும்பாலும் சுத்தம் செய்யவே இல்லை. அரிசி தேறிய ஊரிலும் காட்டுக் காளானுக்குத் தடை இருப்பது அதனால்தான்.