கொரியப் போரில் கடைசியில் வென்றது யார்: வடக்கா, தெற்கா?

தென்கொரியாவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். இதே கேள்வியை அங்கே என் மேலாளரிடம் கேட்டேன். "என் அப்பாவுக்குச் சொந்த ஊர் கேசோங்" என்றார், அவ்வளவுதான். அது எப்படிப் பதிலாகும் என்று விளங்கப் பல மாதங்கள் ஆயின.

1945 ஆகஸ்ட்டில், ஜப்பான் சரணடையும் தறுவாயில், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் இருவர் ஒரே இரவில் 38-வது அட்சக்கோட்டைப் பிரிவினைக் கோடாகத் தேர்ந்தார்கள். வடக்கு சோவியத் படைக்கு, தெற்கு அமெரிக்கப் படைக்கு. கொரியர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருந்த கேசோங் தென்கொரிய ஊரானது.

1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை கோட்டைத் தாண்டியது. செப்டம்பரில் தெற்கின் பக்கம் நின்ற அமெரிக்கத் தளபதி மெக்காதர், சியோலுக்கு அருகே இஞ்சோன் துறைமுகத்தில் படையை இறக்கினார். ஆண்டு முடிவதற்குள் வடக்குக்கு ஆதரவாகச் சீனப் படையும் உள்ளே வந்தது. ஒன்பதே மாதங்களில் சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது.

1951 ஜூலையில் சமாதானப் பேச்சு தொடங்கியது, அதுவும் கேசோங்கில். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் சண்டை ஓயவில்லை. படைகள் பழைய கோட்டையொட்டியே நின்று மோதிக்கொண்டிருந்தன. பேச்சை நெடுங்காலம் முடக்கியது போர்க்கைதிகள் விவகாரம். எல்லோரையும் திருப்பி அனுப்பு என்றது சீன, வடகொரியத் தரப்பு. போக விரும்பாதவர்களை அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. அந்த வாதம் நடந்த நாட்களில் குன்றுகளில் செத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. திரும்ப மறுத்த கைதிகளைப் பொறுப்பேற்றது இந்தியப் படை. அந்தக் கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் இந்திய ஜெனரல் திம்மையா. வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்ற 76 கொரியர்களும், 12 சீனர்களும் அந்தப் படையோடு கப்பலேறி, 1954 பிப்ரவரியில் நம் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சொந்த நாட்டின் இரண்டு பாதிகளிலும் தங்களுக்கு இடமில்லை என்று முடிவெடுக்க ஒரு மனிதன் என்னவெல்லாம் பார்த்திருக்க வேண்டும்!

இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்ட பிறகு எல்லை எங்கே நின்றது? கிழக்கே வடக்கிடமிருந்த சொக்சோ தெற்குக்குக் கிடைத்தது. மேற்கே கேசோங் வடக்குக்குப் போனது. மற்றபடி ஏறக்குறைய பழைய இடம்தான்.

மேலாளரின் அப்பா பன்னிரண்டு வயதில், சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டார். ஒரு சூசோக் அறுவடைத் திருநாளில், எல்லைக்கு அருகே இம்ஜின்காக்கில் உள்ள பலிபீடத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அங்கிருந்து கேசோங் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். முதியவர் பழமும் மதுவும் படைத்து, வடக்கு நோக்கி நெற்றி நிலத்தில் பட வணங்கினார். அம்மா இறந்த தேதி அவருக்குத் தெரியாது. அதனால் ஆண்டுதோறும் இந்தத் திருநாளிலேயே படையல் வைக்கிறார் என்று மேலாளர் மெல்லிய குரலில் சொன்னார்.