சல்சா ஏன் தண்ணீராகிறது, போத்தலில் ஏன் நுரைக்கிறது?

கேள்வி: அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் இருக்கிறோம். வளவில் வைத்த பத்துத் தக்காளிக் கன்றும் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டன. கத்தாரில் வேலை செய்து வந்த மகன் சல்சா, அதாவது மெக்சிகோத் தக்காளிச் சம்பல், கேட்டான். செய்து ஒரு மணித்தியாலத்தில் தண்ணீராகிவிட்டது. மிச்சத்தைப் போத்தலில் அடைத்து மேசையில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் நுரைத்து வந்தது. செலவில்லாமல் செய்து, கொஞ்ச நாள் வைத்திருக்க வழி உண்டா?

பதில்: முதலில் அந்தப் போத்தலில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள். ருசி பார்க்கவும் வேண்டாம்.

தண்ணீர் விட்டது உங்கள் கைப்பிழை அல்ல. உப்புப் பட்டதும் தக்காளி தன் நீரை வெளியே விடும். அதைக் கிண்ணத்தில் விடவிடாமல் முன்னமே எடுத்துவிடுவதுதான் வேலை. நன்றாகப் பழுத்தும் கை அழுத்தத்துக்குக் கெட்டியாக இருக்கும் அரைக் கிலோ பழத்தைச் சிறிதாக வெட்டி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி, வடிகட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். வடிந்த நீரில் நல்ல ருசி இருக்கிறது. சொதிக்கோ ரசத்துக்கோ ஊற்றுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பையும் வழித்து எறியாதீர்கள், தக்காளியின் சுவை அதில்தான் கூட.

அது வடியும் நேரத்தில் ஏழெட்டுச் சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து ஒரு தேசிக்காயின் சாற்றில் ஊறவிடுங்கள், பச்சை நெடி அடங்கும். கொச்சிக்காய் இரண்டு போதும். உறைப்பு கூடினால் உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பை எடுத்துவிடுங்கள். காரம் விதையில் என்று நினைக்கிறோம், உண்மையில் அந்த நரம்பில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து மல்லி இலை தூவினால் முடிந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியது தேசிக்காய் மட்டும்தான், அதுவும் வளவில் மரம் இல்லாவிட்டால்.

இனி போத்தல் விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நுரை என்பது நொதிப்பு, அது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் வரும் ஆபத்து வேறு. காற்றுப் புகாத போத்தலில் புளிப்புக் குறைந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மணமும் நிறமும் மாறாமலே இருக்கக்கூடும். அது வளராமல் இருக்க, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தக்காளி அந்த எல்லையிலேயே நிற்கிற பழம். சில பழம் அதைத் தாண்டியும் இருக்கும். வெங்காயம், உள்ளி, கொச்சிக்காய் சேரச் சேரப் புளிப்பு இன்னும் குறையும். கண் மதிப்பில் தேசிக்காய் பிழிந்து ஈடுகட்ட முடியாது. ஆகவே வீட்டுச் சல்சாவை அடைத்து வெளியே வைக்கவே வேண்டாம். பிரிட்ஜில் மூன்று நான்கு நாள், அவ்வளவுதான்.

அப்போ மிச்சப் பழத்தை என்ன செய்வது? சுட்டுவிடுங்கள். சிரட்டைத் தணலில் தக்காளியையும் வெங்காயத்தையும் கொச்சிக்காயையும் தோல் கருகும்வரை வாட்டி, அம்மியில் உப்போடு ஒன்றிரண்டாக அரையுங்கள். மெக்சிகோவில் இதற்கென்றே எரிமலைக் கல்லில் கொத்திய உரல் வைத்திருக்கிறார்கள். நம் அம்மி அதற்குக் குறைந்ததல்ல. ஆறியதும் சின்னப் பெட்டிகளில் பிரீசரில் வைத்தால் இரண்டு மாதம் ருசி கெடாது. தேசிக்காயை எடுக்கிற அன்று பிழியுங்கள். சுடாத சல்சாவை மட்டும் பிரீசரில் வைக்காதீர்கள், உருகியதும் சொதசொதத்துப் போகும்.

சோளச் சிப்ஸ் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்குக்கும் பொரித்த மீனுக்கும் எனக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி தெரியாது. அவித்த சோளனை உதிர்த்துச் சல்சாவிலேயே கலந்தால் மகன் இன்னும் விரும்பிச் சாப்பிடுவான்.

மல்லிக்கும் கடைக்குப் போகாதீர்கள். கறித்தூளுக்கு வாங்கிய கொத்தமல்லியில் ஒரு பிடியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து, வளவில் பின்னேர வெயில் படாத பக்கமாக விதையுங்கள். சூடு கூடினால் சீக்கிரம் பூத்துவிடும், அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.