தாத்தா வீட்டைப் புதுப்பிக்க 16 லட்சம்: வேலைக்கு லீவு போட்டு நானே கட்டலாமா?

கேள்வி: வயது 43. ஓசூரில் தொழிற்சாலை வேலை. கைக்கு வருவது மாதம் 62,000 ரூபாய், வாடகை உட்பட செலவு 40,000, 22,000 மிச்சமாகும். மகள் பிளஸ் 1 படிக்கிறாள். எஃப்.டி.யில் 14 லட்சமும் பி.எஃப்.பில் 9 லட்சமும் இருக்கின்றன. காவேரிப்பட்டணம் பக்கத்தில் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது: மண்சுவர், கல்தூண், சீமை ஓடு, 1,100 சதுர அடி. தாத்தா, பாட்டி, அதன்பின் அப்பா காலமாகிவிட்டார்கள். உயில் இல்லை. அம்மா, தங்கை, இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள். யாரும் பங்கு கேட்கவில்லை. புதுப்பிக்க இன்ஜினியர் சொன்ன கணக்கு: கூரை 5.5 லட்சம், சுவர் 3, சமையலறை-கழிப்பறை 3.5, ஒயரிங்-பிளம்பிங் 1.5, தரை-பெயிண்ட் 2.5, ஆக 16 லட்சம். இடித்துவிட்டு 1,200 சதுர அடியில் புதிதாகக் கட்ட 28 லட்சம். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து நானே முன்நின்று செய்தால் காண்ட்ராக்டர் லாபம் மிச்சமாகாதா? எந்த வழி நல்லது?

பதில்: புதுப்பியுங்கள். ஆனால் லீவு போடாமல், இப்போதைக்குக் கடன் வாங்காமல், கூரையை மட்டும் முதலில் செய்யுங்கள். அதற்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது.

யாரும் பங்கு கேட்கவில்லை என்பது இன்றைய நிலை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாத்தாவின் சொத்து, பாட்டி வழி வந்த பங்கும் சேர்ந்து, அப்பாவுக்கும் இரண்டு அத்தைகளுக்கும் மூன்றில் ஒரு பங்காகப் போகிறது. அப்பாவின் பங்கு அம்மா, தங்கை, நீங்கள் என மூன்றாகப் பிரிகிறது. ஆக அந்த வீட்டில் உங்களுக்கு இருப்பது ஒன்பதில் ஒரு பங்கு. 16 லட்சம் போட்டு ஒளிரவைத்த பிறகு பங்குப் பேச்சு வந்தால், விலை பேசப்படுவது நீங்கள் புதுப்பித்த வீட்டுக்குத்தான். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அப்பாவுக்கும் இறப்பு, வாரிசு சான்றிதழ்கள், வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, நால்வரிடமும் ஒரே விடுதலைப் பத்திரமாக (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை. அத்தைகள் உங்களுக்கு எழுதுவதற்கும் இதே வரம்பு பொருந்துமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பொருந்தினால், எழுத்துக்கூலி, அலைச்சல் எல்லாம் சேர்த்து 60,000 ஒதுக்குங்கள். அத்தைகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அந்தத் தொகையையும் இப்போதே பேசி முடித்து, பத்திரத்திலேயே எழுதுங்கள். பட்டாவும் உங்கள் பெயருக்கு மாறட்டும். ஊர் நத்தத்தில் (கிராமக் குடியிருப்பு நிலத்தில்) இருக்கும் வீடாக இருந்தால் பட்டா இல்லாமல் வங்கி கடன் மனுவைத் தொடாது.

அடுத்து, அந்த 16 லட்சம். ஓடு பிரிக்காமல் போட்ட கணக்கு அது. பழைய வீட்டில் பணத்தை விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான்: சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை, ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கைமரம் சுவரில் உட்காரும் இடம், தரையை ஒட்டிய முதல் இரண்டடிச் சுவர். உத்தரம் நடுவில் திடமாகத் தெரிந்தாலும் முனை செல்லரித்துத் தூளாகியிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை முனையில் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த மரம் போச்சு. அதனால் எதிர்பாராத செலவுக்கென்று எல்லா வேலைக்கும் ஒரே அளவு உபரி வைப்பதில் அர்த்தமில்லை. கூரைக்கும் சுவருக்கும் (8.5 லட்சம்) 40 சதவீதம், மீதி 7.5 லட்சத்துக்கு 10 சதவீதம் வையுங்கள். மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. உங்கள் திட்டத்தின் உண்மையான விலை இதுதான்.

கையில் எவ்வளவு? 14 லட்சத்தில் ஆறு மாதச் செலவு 2.4 லட்சம், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு 3 லட்சம், பத்திரச் செலவு 60,000 கழித்தால் 8 லட்சம். கூரைக்கு உபரியோடு 7.7 லட்சம். ஆக முதல் ஆண்டுக்குக் கூரை மட்டும்தான். அங்கே யாரும் குடியில்லை என்பது உங்களுக்குப் பெரிய வசதி, அவசரமே இல்லை. கூரை ஒழுகாமல், சுவரடியில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் வீடு காத்திருக்கும்.

28 லட்சத்தில் புது வீடு? 8 லட்சம் போக 20 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 19,700, உங்கள் மிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் அதிலேயே போய்விடும், வட்டி மட்டும் 15 லட்சத்துக்கு மேல். சதுர அடிக் கணக்கில் பேசும் கொட்டேஷன்களில் காம்பவுண்டு, செப்டிக் டேங்க், போர்வெல், மின் இணைப்பு பெரும்பாலும் சேர்வதில்லை, கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளி நின்றால், அல்லது பாதிக்கு மேல் மரம் போயிருந்தால், புதுப்பிப்பதில் பிடிவாதம் வேண்டாம். ஒரு மூலையில் பத்துக்குப் பத்தடி ஓடுகளை இறக்கிக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரத்தைப் பார்க்காதீர்கள்.

லீவு விஷயம். ஆறு மாதச் சம்பளம் 3.72 லட்சம். 16 லட்ச வேலையில் காண்ட்ராக்டர் லாபம் 15 சதவீதம் என்று வைத்தாலும் 2.4 லட்சம். கணக்கு இடிக்கிறது. அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரை மாதம் 25,000 கொடுத்து நிறுத்தினாலும் ஆறு மாதத்துக்கு 1.5 லட்சம்தான். வாரக் கடைசியில் நீங்கள் வந்து அளந்து, பார்த்து, பணம் கொடுங்கள்.

கூரை வேலையைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கி, கோடை மழைக்கு முன் மூடிவிட வேண்டும். மண்சுவரின் தலை ஒரு மழை நனைந்தால் போதும், சுவர் கணக்கு ஏறிவிடும். தார்ப்பாய் முதல் நாளே வீட்டில் இருக்கட்டும். சீமை ஓடு 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 140 பிடிக்கும். சரிவையும் தாழ்வாரத்தையும் சேர்த்துக் கூரைப்பரப்பு 1,500 சதுர அடி வந்தால் 2,100 ஓடு. இறக்கும்போதே கணிசமாக உடையும். தட்டினால் கணீரென்று கேட்காததையும் ஒதுக்குங்கள். புது ஓடு பழையதோடு கொக்கி பொருந்தாமல் போகலாம். அதே கம்பெனி முத்திரை உள்ள ஓடுகளை, இடிக்கிற வீடுகளில் முன்கூட்டியே வாங்கி அடுக்கி வையுங்கள்.

வேலை நடக்கும்போது யாராவது, 'இவ்வளவு செலவு பண்றீங்க, காங்கிரீட்டே போட்டுடலாமே' என்பார். ஐந்து அங்குல ஸ்லாப் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். ஓட்டுக் கூரையைப்போல் மூன்று நான்கு மடங்கு. அந்தச் சுமைக்குக் கட்டிய சுவரல்ல அது. அதேபோல மண்சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொக்கையாகி உரியும், இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி செலவு. சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. தெரிந்த கொத்தனார் குறைவு, காய நாளும் கூடும். அந்த வேலையைக் காண்ட்ராக்டில் விடாமல் நாள்கூலியில் செய்யுங்கள்.

கழிப்பறையையும் சமையலறையையும் பழைய சுவருக்குள் நுழைக்காமல், பின்பக்கம் தனி அஸ்திவாரத்தில் கட்டுங்கள். குடிவரும் தேதி முடிவான பிறகு செய்தால் போதும். அப்போது 6 லட்சம் கடன் தேவைப்பட்டால், 9 சதவீதத்தில் ஏழு வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 9,650, தாங்கும். வரிச் சலுகையை நம்பி வாங்காதீர்கள்: பழைய வரி முறையில் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 வரைதான் கழிவு, புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு எதுவும் இல்லை. பி.எஃப்.பைத் தொட வேண்டாம். 2024-25க்கு 8.25 சதவீதம் கிடைத்த பணம் அது.

போட்ட பணம் விற்கும்போது திரும்பும் என்றும் எண்ணாதீர்கள். கிராமத்தில் பழைய வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை சொல்வார். உங்கள் லாபம் கடனில்லாத ஒரு வீடும், இன்று வாங்கினால் கட்டுப்படியாகாத மரமும் கல்தூணும்தான்.

அந்த மரத்தைப் பற்றி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும்: இறக்கும் ஓடு, மரம், கதவு, கல் எல்லாம் வீட்டுக்காரருக்கே. வேலை தொடங்கும் முன் கதவு, நிலை, தூண், உத்தரம் ஒவ்வொன்றையும் எண் போட்டுப் படம் எடுத்து, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். கூடுதல் வேலை என்று எது வந்தாலும் தொகை எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்க வேண்டும். கூரைக் கூலியில் 10 சதவீதத்தை நிறுத்திவைத்து, ஒரு நல்ல மழை பெய்து ஒழுகல் பார்த்தபின் கொடுங்கள்.