தாதிமை இல்லத்தில் இருக்கும் நாட்பட்ட நோயாளிக்கு உடலும் மனமும் தேற வாய்ப்புண்டா?

பக்கவாதமும் நீரிழிவும் உள்ள உங்கள் தந்தையாரைத் தாதிமை இல்லத்தில் சேர்த்த பிறகு அவருடைய நடையும் பேச்சும் குறைந்துகொண்டே போவதாகவும், இது நோயின் போக்குதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லள். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஓர் இல்லத்தில் இருக்கும் என் மாமியாரைப் பார்க்க அடிக்கடி போய்வருபவள்.

நோய்க்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் உறுப்புகளுக்கு வேலை கொடுக்காமல் விடுவதால் வரும் நலிவையும் நாம் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நலமாக இருந்த முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்திருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. இழந்ததை மீட்கவும் முடியும்: 1994இல் பாஸ்டனில் சராசரி வயது 87 கொண்ட இல்லவாசிகள் வாரம் மூன்று முறை, 10 வாரங்களுக்கு, எடையைப் படிப்படியாகக் கூட்டிக் கால் பயிற்சி செய்ததில் அவர்களின் தசைவலிமை இரு மடங்குக்கும் மேலாயிற்று, பயிற்சியின்றிச் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு அப்பலன் கிட்டவில்லை. (ஞாயிறுதோறும் பால்மாவு டின்னோடு வரும் உறவினர்கள் இதைக் கவனிக்கலாம்.) ஆகவே, பாட்டுக்கேற்பக் கையை அசைக்கும் குழுப்பயிற்சியோடு நின்றுவிடாமல், இதயநிலையை மருத்துவர் பார்த்த பின், எடை வைத்த பயிற்சியும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சியும் தர முடியுமா என்று இயன்முறை சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டு வேளையையும் கவனியுங்கள். மாமியாரின் வலக்கை தளர்ந்திருந்ததால், பலருக்கும் பரிமாறும் அவசரத்தில் உதவியாளர்களே ஊட்டிவிட்டு வந்தார்கள். தடித்த பிடியுள்ள கரண்டியும் விளிம்பு உயர்ந்த தட்டும் வாங்கிக் கொடுத்து, அவரே சாப்பிட வேண்டும் என்பதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொன்னோம். சாம்பார் சாதத்தில் பாதி மேசையில் சிந்தும், நேரமும் பிடிக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு மிகுந்த பொறுமை வேண்டும். ஆனாலும் இப்போது தண்ணீர்க் குவளையைத் தாமே எடுக்கிறார், 'போதும்மா' என்று தாமே சொல்கிறார்.

மறதிநோய் உள்ளவர்களுக்குப் பேச்சும் நினைவும் கலந்த குழு அமர்வுகள் உதவும். பிரிட்டனில் 2003இல் வெளியான ஆய்வில் 14 அமர்வுகளிலேயே சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. இங்கே தாதியர் பலர் மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்சிலிருந்தும் வந்தவர்கள் என்பதால், நாள் முழுதும் தமிழே காதில் விழாத முதியவர் வாய்மூடிப் போவதில் வியப்பில்லை. தமிழ் பேசும் தொண்டூழியர் எவரேனும் வருகிறாரா என விசாரியுங்கள், தமிழ் வானொலியான ஒலி 96.8 ஒலிக்கும் ஒரு வானொலிப் பெட்டியாவது கட்டிலருகே இருக்கட்டும்.

பேச்சு குறைந்ததற்கு மறதிநோயே காரணம் என்று முடிவு கட்டுமுன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரிப்புக்கும் தூக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகள்கூட முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். அதனால் மருந்துப் பட்டியல் முழுவதையும் மறுபரிசீலனை செய்யும்படி இல்லத்து மருத்துவரை முதலில் கேளுங்கள்.