செடியே இல்லாத செவ்வாயில் மணல்மேடுகள் எப்படி உருமாறுகின்றன?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மணலை அடம்பங்கொடி பிடித்து வைக்கிறது, செவ்வாயில் எது பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் உறைபனிதான். தண்ணீர்ப் பனி கொஞ்சம்தான். பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. சுமார் மைனஸ் 125 டிகிரியில் காற்றே உறைந்து வடதுருவ மேடுகளை மூடிவிடும்.

வேடிக்கையெல்லாம் வசந்தத்தில். வெயில் பனியை ஊடுருவி அடிமணலைச் சூடாக்கும். அடிப்பனி உருகாது, நேராக வாயுவாகும். மேலே பனி மூடியிருப்பதால் அது வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, விரிசல்களில் மணலோடு பீறிடும். செங்குத்தான சரிவில் மணல் சரிந்து பள்ளம் விழும். 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் நாசா விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா இவற்றைப் படமெடுத்திருக்கிறது.

அப்புறம் காற்று. அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஒரு மணல்துகள் கிளம்பிவிட்டால் சரி, ஈர்ப்பு குறைவென்பதால் வெகுதூரம் துள்ளி, விழும் இடத்தில் மற்றவற்றையும் கிளப்பும். பனி போனபின் இப்படித்தான் பள்ளங்கள் மெல்லத் தூர்கின்றன.