1970 என்று காட்டும் வரிகள்

கேள்வி: எங்கள் அலுவலக சர்வர் ஒரு நள்ளிரவில் தானாகவே அணைந்து மீண்டும் இயங்கியது. லினக்ஸ் பதிவுகளில் காரணம் எதுவும் இல்லை. பிஎம்சி சிப்பின் நிகழ்வுப் பதிவில் ‘கரெக்டபிள் இசிசி’ என ஆறு வரிகளும், ஒரே நொடியில் ‘பவர் சப்ளை ஏசி லாஸ்ட்’ என இரண்டு வரிகளும், அடுத்து 1970ஆம் ஆண்டுத் தேதியுடன் சில வரிகளும் உள்ளன. மெமரியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மெமரியை இப்போதைக்குத் தொட வேண்டாம். பிழை என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடிய அந்த 1970 வரிகளே இங்கு முதன்மையான சாட்சி.

பிஎம்சி என்பது தாய்ப்பலகையிலேயே தனியாக இயங்கும் சிறு கணினி. சர்வர் அணைந்திருந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். ஆகவே லினக்ஸ் மறுதொடக்கம் செய்வதால் மட்டும் அதன் கடிகாரம் அழிவதில்லை. பிஎம்சிகளுக்கான பொது விதிமுறையான ஐபிஎம்ஐயின்படி, பிஎம்சி தொடங்கியதிலிருந்து அதற்குச் சரியான நேரம் கொடுக்கப்படும்வரை, கடந்த நொடிகளின் எண்ணிக்கையே நேரமாகப் பதிவாகும். கணினிகள் தேதியை 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுவதால், அந்தச் சிறிய எண்ணைத் தேதியாக மாற்றிக் காட்டும்போது 1970 வருகிறது. சில கருவிகள் தேதிக்குப் பதிலாக ‘ப்ரீ-இனிட்’ (நேரம் அமைக்கப்படுவதற்கு முன்) என்று எழுதும். ஆக, அன்று பிஎம்சியே புதிதாகத் தொடங்கியிருக்கிறது. பிஎம்சியின் ஃபர்ம்வேரை (உள்நிரலை) புதுப்பித்தாலும் இப்படி நேரலாம். ஆனால் அதற்குச் சற்று முன் இரண்டு பவர் சப்ளைகளும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழந்திருப்பதால், கோளாறு சர்வருக்கு வெளியே இருப்பதாகவே நான் கருதுகிறேன். இரண்டு கம்பிகளும் ஒரே யுபிஎஸ்ஸிலோ ஒரே மின்பட்டையிலோ செருகப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் இரண்டு பவர் சப்ளைகள் இருந்தும் பயனில்லை. யுபிஎஸ் பதிவோடு ஒப்பிடும்போது, பிஎம்சியின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இசிசி என்பது மெமரியின் பிழை திருத்தும் வசதி. ‘கரெக்டபிள்’ என்றால் மெமரியில் ஒரு சிறு பிழை, பெரும்பாலும் ஒற்றை பிட் பிழை, கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். அதனால் சர்வர் அணையாது. ‘அன்கரெக்டபிள்’ (திருத்த முடியாதது) என்று வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆறு வரிகளும் ஒரே மெமரிப் பலகையைச் சுட்டி, நாளுக்கு நாள் பெருகினால், அதை வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். பிழை பலகையோடு இடம்பெயர்ந்தால் பலகையை மாற்றலாம். பழைய இடத்திலேயே நின்றால், செருகுமிடத்தையோ பிராசஸரையோ ஐயப்பட வேண்டும்.

கேள்வி: பழைய வரிகளை அழித்துவிடலாமா?

பதில்: கோப்பில் சேமித்த பிறகு அழிக்கலாம். ஒரு நிகழ்வுக்கு 16 பைட் மட்டுமே என்றாலும், ஒதுக்கப்பட்ட இடம் சிறியது; அது நிறைந்ததும் புதிய நிகழ்வுகளைப் பதியாமல் நின்றுவிடும் சர்வர்கள் உண்டு. ‘ஐபிஎம்ஐடூல்’ நிரலில் ‘செல் இன்ஃபோ’ (sel info; ‘செல்’ என்பது இந்த நிகழ்வுப் பதிவின் சுருக்கப் பெயர்) கட்டளை எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும்.